ப்ராஜெக்ட் நோட்டில் மழையே பெய்வதில்லை

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. பள்ளிக்கூடத்தில் ப்ராஜெக்ட் கொடுத்து, செய்யச் சொல்லி, அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் வாங்கி அடுக்குகிற காலமும் அந்த இரண்டாவது மழையோடு சேர்ந்துதான் வரும். ஆனால் அடுக்கி வைத்த நோட்டுகளில் ஒன்றை எடுத்துப் புரட்டினால் உள்ளே ஒரு சொட்டு மழை இருக்காது. கரண்ட் போயிருக்காது. குழுவில் யாருக்கும் காய்ச்சல் வந்திருக்காது. யாருடைய அப்பாவுக்கும் வேலை மாற்றம் வந்திருக்காது. கேள்வித்தாள் கொடுத்த ஐம்பது வீடுகளில் ஐம்பதும் ஒழுங்காக நிரப்பித் திருப்பித் தந்திருக்கும் (மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கே இந்தப் பாக்கியம் வாய்த்ததில்லை). முதலில் நன்றியுரை, அடுத்து நோக்கம், அடுத்து செய்முறை, கடைசியில் முடிவுரை. நோக்கத்தில் என்ன எதிர்பார்த்தார்களோ அதுவே முடிவுரையில் வந்து நிற்கும். இம்மி பிசகாது.

இப்படி ஓர் உலகம் நிஜத்தில் கிடையாது என்பது நோட்டு எழுதிய பிள்ளைக்குத் தெரியும். திருத்துகிற ஆசிரியருக்குத் தெரியும். பைண்டு செய்து கொடுத்த கடைக்காரருக்கு இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் போன வருடமும் அதே முடிவுரையை அடித்துக் கொடுத்தவர் அவர்தான். மூன்று பேரும் சேர்ந்து நடத்துகிற இந்த நாடகத்துக்குத்தான் பத்துக்கு ஒன்பதரை.

மயிலாடிக்குப் பக்கத்தில் தேரூர் குளம் இருக்கிறது. சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகள் 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தவை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் 'தேரூர் குளத்துக்கு வரும் பறவைகள்' என்று தலைப்பு எடுத்ததாக வைத்துக்கொள்ளலாம். எட்டு சனிக்கிழமை, காலை ஆறரை முதல் எட்டு வரை எண்ணுவது என்று திட்டம். முதல் சனி நன்றாகப் போகும். இரண்டாவது சனி மழை. மூன்றாவது சனி, மழைக்கு விட்ட விடுமுறையை ஈடுகட்டப் பள்ளி வேலை நாள். நாலாவது வாரம்தான் அக்கம்பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொல்லித் தெரியவரும், தூரத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம் நீர்க்காகம் இல்லை, கழுத்து நீண்டது பாம்புத்தாரா என்று. அப்படியானால் முதல் வாரம் எண்ணியது? பாதி தப்பு.

இந்த இடத்தில் பிள்ளைகள் முன்னால் இரண்டு வழி. எட்டு வாரத்துக்கும் கட்டம் போட்டு, வராத வாரங்களுக்கு 42, 47, 39 என்று கையில் வந்த எண்ணை நிரப்பி, ஒரு பட்டை வரைபடம் போட்டுக் கொடுப்பது ஒரு வழி. 'இரண்டு வாரம் எண்ண முடியவில்லை, முதல் வாரத்தில் இரண்டு பறவைகளை ஒன்றாக நினைத்து எண்ணிவிட்டோம், ஐந்தாவது வாரத்திலிருந்து பிரித்து எண்ணினோம், அதனால் முதல் எண்ணை ஒப்பிடக் கூடாது' என்று எழுதிக் கொடுப்பது இன்னொரு வழி. இரண்டாவதுதான் அறிவியல். முதலாவதுக்குத்தான் மார்க். இரண்டாவது வழியில் போன பிள்ளையைக் கூப்பிட்டு, "ஏன்டே, முழுசா முடிக்காம கொண்டு வந்து நிக்குத?" என்று ஒரு தரம் கேட்டால் போதும். அடுத்த வருடம் அதுவும் 42, 47, 39 எழுதப் பழகிவிடும். ஒன்பதாம் வகுப்பில் பறவை எண்ணிக்கையில் பழகிய கை பிறகு எங்கெங்கே எண்களை நிரப்பும் என்று யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இதில் இன்னொரு வேடிக்கை தெரியும். பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியலிலேயே 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு' வந்துவிடுகிறது. கடனாளிகள் ஒரு லட்சம் என்றால் ஒரு லட்சமும் வந்து சேரும் என்று எந்த வியாபாரியும் நம்புவதில்லை. ஐந்து சதவீதமோ என்னவோ வராமல் போகும் என்று முன்கூட்டியே இலாபத்தில் கைவைத்து ஒதுக்கிவிட வேண்டும். வரப்போகும் இலாபத்தை எண்ணாதே, வரக்கூடிய நட்டத்தை எண்ணு என்பது அங்கே விதி. ஒதுக்கு போடாத கணக்கை யாரும் தைரியமான கணக்கு என்று பாராட்டுவதில்லை, தப்பான கணக்கு என்றுதான் சொல்வார்கள். கோட்டாறு சந்தையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவருக்குப் புத்தகம் படிக்காமலே இது தெரியும். ஆனால் அதே பாடத்தைப் படிக்கிற பிள்ளை ப்ராஜெக்ட் திட்டம் போடும்போது மழைக்கு ஒரு சனிக்கிழமை ஒதுக்கினால், 'நாள் வீணாகிறதே' என்று அடித்துவிடுவார்கள்.

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப்பதிவியலுக்கும் வணிகவியலுக்கும் ப்ராஜெக்டுக்குத் தலா 20 மதிப்பெண். மாநிலப் பாடத்திட்ட மேல்நிலை வகுப்புகளில் அகமதிப்பீடு 10. இடர் மேலாண்மை என்று பெரிய எழுத்தில் தலைப்பிட்டு, காப்பீடு என்றால் என்ன, இடர் எத்தனை வகை என்று பத்துப் பக்கம் எழுதுகிறார்கள். அந்தப் பத்துப் பக்கத்தை எழுதும்போது எதிர்ப்பட்ட இடர் ஒன்றுகூட அதில் இல்லை. நீச்சலைப் பற்றி எழுதிய நோட்டு நனையாமல் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்ட மாதிரி.

திட்டம் மாறினால் தப்பு என்று நினைக்கிறவர்கள் வெளியூர் உதாரணத்துக்கு அலைய வேண்டியதில்லை. மயிலாடிக்கு வந்தாலே போதும். இந்த ஊரில் இருநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பள்ளி ப்ராஜெக்ட் நடந்தது. பள்ளிக்கூடத்தில் செய்த ப்ராஜெக்ட் இல்லை, பள்ளிக்கூடமே ப்ராஜெக்ட்.

கதை பலருக்குப் பாதி தெரிந்தது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சிதம்பரம் யாத்திரை போய்த் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் தங்கி, அங்கே கிறிஸ்தவராகி, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். அன்றைய திருவிதாங்கூரில் அந்தச் சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் திண்ணைகூட எட்டாது. லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபேயைத் தரங்கம்பாடியில் கண்டு, எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று அழைத்தவர் அவர்தான். ரிங்கல்தௌபே 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக உள்ளே வந்தார்.

வந்த அன்றே கட்டடம் எழும்பிவிட்டதா? இல்லை. அனுமதி வேண்டும். திவான் வேலுத்தம்பி அனுமதி தரவில்லை. ரெசிடென்ட் கர்னல் மெக்காலே ஆதரவாக இருந்தும் காரியம் நகரவில்லை (ஆங்கிலக் கல்விக்காக இன்றைக்கும் திட்டு வாங்குகிற மெக்காலே இவர் அல்ல, இவர் அவருக்குப் பெரியப்பா). இதற்கிடையில் திவானுக்கும் கம்பெனிக்கும் போரே மூண்டது. 1809 பிப்ரவரியில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. மயிலாடியிலிருந்து பார்த்தால் அது பக்கத்து ஊர் மாதிரி. மார்ச் மாதம் வேலுத்தம்பி இறந்தார். அதற்குப் பிறகுதான் அனுமதி கிடைத்தது. (வேலுத்தம்பியை விடுதலை வீரராகக் கொண்டாடுகிறவர்கள் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. அந்த வழக்கைத் தீர்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை.) 1809-ல் மயிலாடியில் ஆலயம் எழும்பியது, பள்ளியும் தொடங்கியது. இன்றைய நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் தொடக்க ஆண்டாகச் சொல்வது இந்த 1809-ஐத்தான்.

மூன்று வருடம் அனுமதிக்குக் காத்திருந்தவர் அந்த மூன்று வருடமும் மயிலாடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கவில்லை. பாளையங்கோட்டைப் பக்கம் தங்கி வேலை செய்தார், வந்து போனார். ஒரு வாசல் மூடியிருந்தால் திறக்கும்வரை அதையே முறைத்துக்கொண்டு நிற்காமல் பக்கத்து வாசலில் வேலையைப் பார்ப்பது. இதற்குத்தான் மேலாண்மைப் புத்தகங்கள் பெரிய பெரிய பெயர் வைத்திருக்கின்றன.

1816-ல் அடுத்த அடி. உடல்நலம் கெட்டு ரிங்கல்தௌபே கிளம்பிவிட்டார். கப்பலேறியவரைப் பற்றிப் பிறகு நம்பகமான தகவலே இல்லை. மாற்று ஆள் தயாராக இல்லை. பொறுப்பு வேதமாணிக்கத்தின் தலையில் விழுந்தது. அவருக்கு அடுத்து வரவேண்டிய சார்லஸ் மீட் வழியிலேயே தாமதப்பட்டார். பினாங்கில் மனைவியைப் பறிகொடுத்தார். அவர் வந்து சேர்ந்தது 1818-ல். இடையில் இரண்டு வருடம் அந்தக் காரியம் நின்றுபோகாமல் இருந்ததற்குக் காரணம், உள்ளூரில் ஒரு மனிதர் ஆரம்பத்திலிருந்தே அதைத் தன் காரியமாக நினைத்திருந்தார் என்பதுதான்.

மீட் வந்து என்ன செய்தார்? முன்னவர் தேர்ந்தெடுத்த இடம், அதனால் மாற்றக் கூடாது என்று மயிலாடியைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. அதே 1818-ல் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். ஆள் நடமாட்டம் அதிகம், ரெசிடென்ட் மன்றோ வழியாக அங்கே ஒரு பங்களாவும் கிடைத்தது. ராணி கௌரி பார்வதி பாய் 5,000 ரூபாய் கொடுக்க, அதை அப்படியே செலவழித்துத் தீர்க்காமல் நெல் வயல் வாங்கிப் போட்டார்கள். வயலின் வருமானத்தில் பள்ளி நடக்கும். மீட் சில காலம் நாகர்கோவிலில் நீதிபதியாகக்கூட உட்கார்ந்தார். 'ப்ராஜெக்ட் வழிகாட்டி' நடுவில் ஜட்ஜ் வேலைக்குப் போனது இந்த மாவட்டத்தில் மட்டும்தான் நடந்திருக்கும் :-)

பிறகு மால்ட் தம்பதி வந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி. அன்றைக்குப் பெண்ணைப் படிக்க வைக்கக் காசு கொடுக்க யார் இருக்கிறார்கள்? மார்த்தா மால்ட் அம்மையார் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பின்னிய லேஸை விற்ற பணம் பள்ளியை நடத்த உதவியது. 1820-களில் தொடங்கிய அந்த லேஸ் தொழில் பிறகு பல தலைமுறைக்கு இந்த வட்டாரத்துப் பெண்களுக்குச் சம்பாத்தியம் ஆனது. முதல் திட்டத்தில் லேஸ் என்ற வார்த்தையே இருந்திருக்காது. அதே பத்தாண்டின் கடைசியில் தோள்சீலைக் கலவரத்தில் பள்ளிகளும் ஆலயங்களும் எரிக்கப்பட்டன. திரும்பக் கட்டினார்கள்.

இப்போது இந்த ப்ராஜெக்டை இன்றைய மதிப்பெண் அட்டவணையில் வைத்துப் போடலாம். குறித்த காலத்தில் தொடங்கியதா? மூன்று வருடம் தாமதம், மார்க் குறைப்பு. அனுமதித்த இடத்திலேயே செய்யப்பட்டதா? இடம் மாறிவிட்டது, மார்க் குறைப்பு. வழிகாட்டியின் கையெழுத்து? வழிகாட்டியைக் காணவில்லை. செலவுத் திட்டம்? நன்கொடை என்று ஆரம்பித்து வயலில் போய் லேஸில் முடிந்திருக்கிறது. தலைப்புக்குச் சம்பந்தமில்லாத பொருள் சேர்க்கப்பட்டதா? ஆம், ஊசியும் நூலும். மொத்தம் பத்துக்கு இரண்டு, அதுவும் கையெழுத்து அழகுக்கு. அந்த 'பத்துக்கு இரண்டு' இன்றைக்கும் நாகர்கோவிலில் கல்லூரியாக நின்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கிறது.

இதைச் சொன்னால் உடனே ஒரு வாதம் வரும். 'அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமா? சோம்பேறிகளுக்கு இது சாக்கு ஆகிவிடாதா?' நியாயமான சந்தேகம்தான். ஆனால் மயிலாடிக் கதையில் எது மாறியது, எது மாறவில்லை என்று கவனிக்க வேண்டும். இடம், ஆள், பணம் வரும் வழி, கால அளவு எல்லாம் மாறின. படிப்பு மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் படிப்பு என்பது மாறவில்லை. லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்துவிட்டுப் பள்ளியை மூடியிருந்தால் அது கைத்தொழில் கூடம், அவ்வளவுதான். சோம்பேறியின் மாற்றம் நேர் எதிர். தலைப்பு அப்படியே இருக்கும், பைண்டிங் பளபளக்கும், உள்ளே கேள்வி மட்டும் காணாமல் போயிருக்கும். தேரூர்ப் பறவையை எண்ணக் கிளம்பியவர்கள் இணையத்தில் இருந்து 'இந்தியப் பறவைகள்' படம் பத்து எடுத்து ஒட்டிவிட்டு வருவார்களே, அது. அதைப் பிடிக்க இன்றைய அட்டவணையால் முடிவதில்லை. முழுசா இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கிறது.

அந்தக் கதையில் ஓட்டையும் உண்டு, மூடி மறைக்க வேண்டியதில்லை. ரிங்கல்தௌபே பத்து வருடம் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாக இழுத்தார். அவர் விழுந்ததும் எல்லாம் ஆடிப்போனது. ஒரு ஆளை நம்பி நிற்கிற காரியம் எவ்வளவு அபாயம் என்பதற்கு 1816-ஐவிட நல்ல பாடம் கிடையாது. பள்ளிப் ப்ராஜெக்டில் இந்த வியாதி எல்லாருக்கும் தெரிந்தது. ஐந்து பேர் குழு, அட்டையில் ஐந்து பெயர், வேலை செய்வது ஒருத்தி. மற்ற நாலு பேருக்கும் தலைப்பே வைவா அன்றைக்குத்தான் தெரியும். அந்த ஒருத்திக்கு அம்மை போட்டால்? பென் டிரைவ் தொலைந்தால்? ஐந்து பேருக்கும் வேலை பிரிப்பது ஏதோ நியாயத்துக்காக, சமத்துவத்துக்காக என்று மட்டும் நினைக்கிறார்கள். அது முதலில் பாதுகாப்புக்காக. ஒவ்வொரு வேலையையும் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்து வைத்திருப்பது காசு செலவில்லாத காப்பீடு. வேதமாணிக்கம் மாதிரி ஒரு இரண்டாவது ஆள் இல்லாத குழுவுக்கு நேர்முகத்தில் கழிக்க வேண்டியதுதான்.

ஆசிரியர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. ஒரு வகுப்பில் நாற்பது, ஐம்பது பிள்ளைகள். அதற்கு மேல் பதிவேடு, இணையப் பதிவேற்றம், தேர்தல் வேலை. ஒவ்வொரு குழுவின் பின்னாலும் குளத்தங்கரைக்குப் போக அவர்களால் முடியாது. அதனால்தான் பார்த்த உடனே மார்க் போடக்கூடிய பளபள நோட்டு வசதியாக இருக்கிறது. குற்றம் அவர்கள் தலையில் மட்டும் இல்லை. ஆனால் பளபளப்புக்கு மார்க் போடுவதால் இன்னொன்று நடக்கிறது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கடையில் கொடுத்துச் செய்ய சில நூறு ரூபாய் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இடரே இல்லை. மழையும் அதற்கு இல்லை, காய்ச்சலும் இல்லை. தானே செய்ய வேண்டிய பிள்ளைக்குத்தான் எல்லா இடரும். அம்மா முந்திரி ஆலைக்குப் போகிற வீடு, ஒரே ஒரு போன், மழை வந்தால் சார்ட் பேப்பர் வைக்க நனையாத இடம் தேட வேண்டிய வீடு. நிஜமாகச் செய்கிற பிள்ளையிடம் நிஜத்தின் தழும்பு இருக்கும். அந்தத் தழும்புக்கு மார்க் குறைத்தால், மொத்த ப்ராஜெக்ட் முறையும் பணத்துக்கு மார்க் போடும் முறை என்றுதான் அர்த்தம்.

இடர் என்பது ஏதோ கற்பனை என்று நினைக்க இந்த மாவட்டத்தில் யாருக்கும் உரிமை இல்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்தது. ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன, ஊர் ஊராக மின்கம்பங்கள் விழுந்து நாள்கணக்கில் இருட்டு, கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அந்த டிசம்பரில் எந்தப் பிள்ளையின் ப்ராஜெக்ட் திட்டப்படி நடந்திருக்க முடியும்?

பெரியவர்களின் திட்டம் மட்டும் மாறவில்லையா? 2021-ல் கொரோனாவால் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வே ரத்து. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 சதவீதம், பதினோராம் வகுப்பிலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கணக்கிட்டுத்தான் மதிப்பெண் கொடுத்தார்கள். அந்த முறையில் குறை சொன்னவர்கள் இருந்தார்கள், இருக்கட்டும். ஆனால் அரசு என்ன செய்தது? வைத்த திட்டம் நடக்காது என்று ஒப்புக்கொண்டது. எதை மாற்றினோம், எந்தக் கணக்கில் மாற்றினோம் என்று வெளியே சொன்னது. நடக்காத தேர்வை நடந்ததாக எழுதவில்லை. ஒரு மாநிலமே செய்தால் நிர்வாகம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்தால் மட்டும் 'முழுசா முடிக்கல'யா?

மயிலாடிக்கு இன்னொரு பெயரும் உண்டு, சிற்பிகள் ஊர். ரோட்டோரப் பட்டறைகளில் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும் (இப்போது அதோடு கட்டர் மிஷின் இரைச்சலும் தூசியும்). கல் தொழிலில் இடர் எப்படிப் பார்க்கப்படுகிறது என்று கவனித்தால் பாடப்புத்தகம் எழுதியவர்கள் வெட்கப்பட வேண்டியிருக்கும். முதலில் கல்லைத் தட்டிப் பார்ப்பார்கள். மணி மாதிரி ஓசை வந்தால் எடுப்பார்கள், உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் அடைத்துப் போகும். வேலை தொடங்கும் முன்பே செய்கிற சோதனை இது. பிறகு கோடு போட்டு, வேண்டாத கல்லை முதலில் பெரிது பெரிதாக உடைத்தெடுப்பார்கள். மூக்கு, விரல் போன்ற மெல்லிய இடங்களில் கல்லைத் தாராளமாக விட்டுவைத்து, கடைசியில்தான் கை வைப்பார்கள். எது எளிதில் உடையுமோ அதற்கு அதிக இடமும் அதிக நாளும். பின்னமான சிலை பூசைக்கு ஆகாது என்பதால் அங்கே ஒட்டுப்போட்டு மறைக்கிற பேச்சு எடுபடாது. உடைந்தது உடைந்ததுதான், கல்லை வேறு வேலைக்குத் திருப்ப வேண்டும்.

பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் அதற்குப் பெரிய சாட்சியும் நிற்கிறது. கன்னியாகுமரி வள்ளுவர் சிலைக்கு 1979-ல் அடிக்கல். வேலை ஒழுங்காகத் தொடங்கியது 1990-ல். நடுவில் நின்றது, திரும்பத் தொடங்கியது, 2000 ஜனவரி 1-ல் திறந்தார்கள். 133 அடி. கணபதி ஸ்தபதி நேரத்துக்கு ஒப்படைக்கவில்லை என்று யாரும் மார்க் குறைக்கவில்லை. 2004 டிசம்பரில் சுனாமி அலை வந்து அடித்துவிட்டுப் போனது, சிலை அங்கேயே நிற்கிறது.

மாற்று வழி ஏற்கனவே இருக்கிறது என்பதுதான் இதில் கொடுமை. 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டை, தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைக்கிறது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆய்வு செய்ய வேண்டும். அங்கே அன்றன்றைக்கு எழுதிய களக்குறிப்பேட்டையும் கேட்பார்கள். எந்தத் தேதியில் எங்கே போனாய், என்ன பார்த்தாய், ஏன் அடுத்த வாரம் வேறு மாதிரி செய்தாய் என்று கேள்வி வரும். கடையில் அடித்த நோட்டு அந்தக் கேள்வி முன்னால் ஐந்து நிமிடம் தாங்காது. மாநாட்டுக்குப் போகிற சில பிள்ளைகளுக்கு மட்டும் கிடைக்கிற இந்தக் கேள்வி, வகுப்பில் இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் ஏன் கிடைக்கக் கூடாது?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எட்டு வாரம் கொடுத்தால் ஆறு வாரத்துக்கு மட்டும் வேலை போடச் சொல்லலாம், மற்ற இரண்டும் மழைக்கு. தலைப்பு ஒப்புதல் கேட்கும்போதே 'எது தவறிப்போகலாம், போனால் என்ன செய்வோம்' என்று நாலு வரி எழுத வைக்கலாம். ஐம்பது வீட்டுக்குக் கேள்வித்தாள் கொடுக்கும் முன் ஐந்து வீட்டில் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம், கல்லைத் தட்டிப் பார்ப்பது போல. பாதியில் தலைப்பைச் சுருக்க வேண்டி வந்தால், காரணம் எழுதிக் கொடுத்துச் சுருக்கிக்கொள்ள அனுமதிக்கலாம். நன்றியுரைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குகிற நோட்டில், 'நினைத்ததும் நடந்ததும்' என்று ஒரு பக்கம் ஒதுக்க முடியாதா? பத்தில் மூன்று மார்க் அந்தப் பக்கத்துக்கு என்று அறிவித்தால் போதும். அந்தப் பக்கம் காலியாக இருந்தால் மூன்றும் கிடையாது, எவ்வளவு பளபளத்தாலும். திருத்துவதற்கும் அது சுலபம், நாற்பது பக்கத்தைப் புரட்ட வேண்டாம், முதலில் அந்த ஒரு பக்கத்தைப் படித்தாலே குளத்தங்கரைக்குப் போனது யார், கடைக்குப் போனது யார் என்று தெரிந்துவிடும்.